கதாபாத்திரங்கள் வாய் திறக்கும்போது: வாசகர் கேள்வி–பதில்

சிறுகதை எழுதுபவர்களின் கேள்விகளில் இந்த முறை உரையாடல் தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

உரையாடலைப் பேச்சுத் தமிழில் எழுதினால் படிக்கத் தடுக்குகிறது என்கிறார்கள். எழுத்துத் தமிழில் எழுதினால் மேடை நாடகம் மாதிரி இருக்கிறதாம். எங்கே நிற்பது?
– வாசகர், கும்பகோணம்

சொல்லின் வாலைப் பேச்சாக்குங்கள், தலையை விட்டுவிடுங்கள். தமிழில் பேச்சின் ஓசை பெரும்பாலும் வினைமுற்றிலும் உருபுகளிலும்தான் இருக்கிறது. "வீட்டிற்கு வந்துகொண்டிருக்கிறேன்" என்பது "வீட்டுக்கு வந்துட்டிருக்கேன்" ஆனதுமே ஆள் பேச ஆரம்பித்துவிடுகிறார். இலையை "எலை" என்றும் உடம்பை "ஒடம்பு" என்றும் எழுதுவதில் லாபம் இல்லை. பெரும்பாலோர் அப்படித்தான் உச்சரிக்கிறோம். ஊருக்கே பொதுவான திரிபு ஒரு பாத்திரத்தைப் பற்றி என்ன சொல்லிவிடும்? "இலையைப் போடு" என்று அச்சில் இருந்தாலும் வாசகர் மனதுக்குள் "எலை" என்றே படித்துக்கொள்வார்.

தடுக்கல் வேறோர் இடத்திலிருந்தும் வரும். பேச்சில் "வந்தாள்", "வந்தால்" இரண்டும் "வந்தா" ஆகிவிடுகின்றன. காதுக்குத் தொனி உதவும், கண்ணுக்கு உதவாது. "அவ வந்தா நான் பேசல" என்று எழுதினால் நடந்ததைச் சொல்கிறாளா, நிபந்தனை போடுகிறாளா என்று வாசகர் ஒரு நொடி நின்றுவிடுவார். அதனால் நடந்ததற்கு "வந்தாள்", நிபந்தனைக்கு "வந்தா" என்று கதை முழுக்க வைத்துக்கொள்ளலாம். "என்ன அடிச்சான்" என்பதும் அப்படித்தான், "என்னை அடிச்சான்" என்று ஐகாரத்தைக் காப்பாற்றுங்கள். "நீ படிச்ச" என்பதைப் பார்த்ததும் கண் அடுத்து "புத்தகம்" வரும் என்று காத்திருக்கும். வாக்கியம் அங்கேயே முடிகிறது என்றால் "நீ படிச்சே" என்று எழுதுங்கள். "அவன்", "வந்தான்" ஆகியவற்றின் கடைசி ன் பேச்சில் மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. அதற்குத் தமிழில் எழுத்து கிடையாது, ஆகவே ன் இருக்கட்டும்.

எழுதத் தொடங்குமுன் ஒரு துண்டுத் தாளில் எழுத்துக்கூட்டலைத் தீர்மானித்துவிடுங்கள்: வச்சு / வெச்சு, பாத்து / பார்த்து, ன்னு / னு, இல்ல / இல்லே, வேணும் / வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒன்றுதான். எது என்பதைவிட, மாறாமல் இருப்பது முக்கியம். எல்லோரும் "வேணும்" என்று பேசும் கதையில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் மட்டும் "வேண்டும்" என்றால் அது பாத்திரப் படைப்பு. பக்கத்துக்குப் பக்கம் மாறினால் அது கவனக்குறைவு, திருத்துபவருக்குத் தலைவலி.

நான் சென்னைவாசி. திருநெல்வேலிப் பக்கம் நடக்கும் கதை ஒன்று மனதில் இருக்கிறது. அந்தப் பேச்சை எழுதத் துணியலாமா?
– வாசகி, பெரம்பூர்

துணியலாம், சினிமாவை மறந்துவிட்டு. "ஏலே மக்கா, என்னலே இங்கன நிக்கே, வாலே போவோம்லே" என்று நாலு சொல்லுக்கு ஒரு லே போட்டால் நெல்லைக்காரர் புத்தகத்தை மூடிவிடுவார். "லே" போடுவது ஒத்த வயதினரிடமும் சின்னவர்களிடமும். அப்பாவிடமோ கடை முதலாளியிடமோ சொன்னால் அங்கே ஒரு சண்டை நடந்தாக வேண்டும்.

எந்த வட்டாரமானாலும் மூன்று விஷயங்களை முதலில் பிடியுங்கள்: வினைமுற்று, விளி, வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் அசை. நெல்லைப் பேச்சில் நிகழ்காலம் "சொல்லுதேன், பண்ணுதான்" என்று வரும். மரியாதைப் பன்மை "வந்தாவ, சொன்னாவ" ஆகும். வாக்கியக் கடைசியில் "லா" ஒட்டும். இந்த மூன்றை வைத்தே, "அண்ணாச்சி கேட்டாவ. நாளைக்குத் தாரேன்னு சொல்லிட்டேம்லா" என்று எழுதிவிடலாம். அகராதியைத் தேட வைக்கும் ஒரு சொல்கூட இதில் இல்லை, ஆனாலும் ஊர் தெரிகிறது. கொங்குப் பேச்சில் எந்தச் சொல்லோடும் ஒட்டும் "ங்க" இருக்கிறது: "ஆமாங்க, இல்லீங்க, வந்தனுங்க". மதுரைப் பக்கம் "வந்தாய்ங்க, அவய்ங்க". யாழ்ப்பாணத்தில் தன்மை வினை "வாறன், போறன்" என்று முடியும். நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே "நீர்" என்றொரு படியும் அங்கே உண்டு.

வட்டாரச் சொற்களைக் கடைசியில் சேருங்கள், அதுவும் கொஞ்சமாக. பக்கத்துக்கு இரண்டு புதுச் சொல் வந்தால் வாசகர் சூழலை வைத்துப் புரிந்துகொள்வார். எட்டு வந்தால் அடிக்குறிப்பு வேண்டியிருக்கும், அடிக்குறிப்பு கேட்கும் உரையாடல் பாதி செத்த உரையாடல். சொல்லைச் சரிபார்க்க நல்ல கருவிகள் உண்டு. கரிசல் வட்டாரத்துக்கு கி. ராஜநாராயணனும், கொங்குக்குப் பெருமாள்முருகனும், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரனும் தொகுத்த சொல்லகராதிகள் இருக்கின்றன. க்ரியா அகராதி வட்டார வழக்கு, இலங்கை வழக்கு என்று பிரித்துக் காட்டும். ஆனால் அகராதி சொல்லைத்தான் தரும். அதை யார் யாரிடம் சொல்வார் என்பதைத் தராது.

அதற்கு ஊர்க்காரர்தான் வேண்டும். முடித்த கதையை அந்த ஊர்க்காரர் இருவரிடம் கொடுங்கள், ஒருவர் அறுபதைத் தாண்டியவர், ஒருவர் இருபதை ஒட்டியவர். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "இதில் எந்த வரியை உங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள்?" என்று கேளுங்கள். இளைஞர் சொல்வதையும் சமமாக மதியுங்கள். பாளையங்கோட்டையில் படிக்கும் பெண் வீட்டில் ஒரு தமிழும், வெளியூர்க்காரரிடம் தொலைக்காட்சித் தமிழும் பேசக்கூடும். அவள் எந்த இடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறாள் என்பதைப் பிடித்தால் பாதிக் கதை கிடைத்தது. "நெல்லைத் தமிழ்" என்று ஒன்றே ஒன்று இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். கோவில்பட்டிக் கரிசல், தாமிரபரணிக் கரை, கடற்கரை மூன்றும் வெவ்வேறு. சமூகத்துக்குச் சமூகமும் மாறும். மாவட்டத்தை எழுதாதீர்கள், ஒரு தெருவை எழுதுங்கள்.

'என்றான்', 'என்றாள்' திரும்பத் திரும்ப வருகிறது. 'வினவினான்', 'பகர்ந்தாள்' என்று மாற்றி எழுதலாமா?
– வாசகர், திருச்சி

வேண்டாம். "என்றான்" கண்ணில் படாமல் போய்விடும் சொல், அதுதான் அதன் பெருமை. "பகர்ந்தாள்" கைதட்டி அழைக்கும். "'போ' என்று சிரித்தாள்" என்பதும் சரியில்லை, வாக்கியத்தைச் சிரிக்க முடியாது.

மாற்றுவதைவிட நீக்கப் பாருங்கள். தமிழில் டா, டி, ங்க, அக்கா, சார் எல்லாமே பேசுபவரையும் கேட்பவரையும் காட்டிக் கொடுத்துவிடும். இதைப் பாருங்கள்:

"எங்கே போனாய்?" என்று கோபமாக வினவினான் அவன்.
"கடைக்கு" என்று பயத்துடன் பதிலளித்தாள் அவள்.

இப்படி ஆகட்டும்:

"எங்கடி போனே?"
"கடைக்கு."
"பை எங்க?"

கோபத்தையும் பயத்தையும் சொல்லவே இல்லை. மூன்றாவது வரி அந்த வேலையைச் செய்துவிட்டது.

நீளமான பேச்சுக்கு மட்டும் ஒரு சிக்கல். தமிழில் "என்றான்" கடைசியில்தான் இயல்பாக உட்காரும். ஏழெட்டு வரி பேச்சு முடிந்த பிறகே பேசியது யார் என்று தெரிந்தால் வாசகர் திரும்பிப் போய்ப் படிக்க வேண்டும். அதனால் ஆளை முன்னால் கொண்டுவாருங்கள். "சின்னவன் செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே பேசினான்." இதற்குப் பிறகு பேச்சைத் திறந்தால் "என்றான்" தேவையே இல்லை. இருவர் பேசும்போது குறிப்பில்லாமல் ஐந்தாறு வரி தாங்கும். மூன்றாவது ஆள் அறைக்குள் வந்ததும் அந்தக் கணக்கு செல்லாது, இரண்டு வரிக்கு ஒரு முறையாவது அடையாளம் வையுங்கள்.

எல்லாப் பாத்திரமும் என்னைப் போலவே பேசுகிறது.
– வாசகி, ஈரோடு

பெயர்களைக் கையால் மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையென்றால் நோய் உறுதி. மருந்தைப் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள்: ஒருவருக்குத் திக்குவாய், ஒருவருக்கு "அதாவது", ஒருவருக்குப் பழமொழி. அது வேடம், மூன்றாம் பக்கத்தில் சலித்துவிடும். வித்தியாசம் ஒவ்வொருவரும் எதைச் சொல்லாமல் தவிர்க்கிறார் என்பதில் இருக்கிறது.

ஒரு பயிற்சி. ஒரு பையன் 20,000 ரூபாய் கடன் கேட்கிறான். நான்கு பேர் மறுக்கிறார்கள். "முடியாது" என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. நம் வீடுகளில் அந்தச் சொல்லை யாரும் சட்டென்று சொல்வதும் இல்லை.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா: "ஏற்கெனவே வாங்கினது எவ்வளவு? அதுக்கு என்ன வட்டி? முதல்ல அதைச் சொல்லு."

மளிகைக் கடைக்காரர்: "இன்னிக்கு வெள்ளிக்கிழமை தம்பி, காசை வெளிய குடுக்கிறதில்ல. சாமான் எதும் வேணும்னா எடுத்துக்க."

அக்கா: "நீ சாப்பிட்டியா? மாமா வரட்டும், நான் சொல்றேன். நீயா எதையும் கேட்டுறாதே."

நண்பன்: "டேய், நானே உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

பெரியப்பா கேள்வியில் ஒளிகிறார், கடைக்காரர் வழக்கத்தில், அக்கா சோற்றில், நண்பன் வேடிக்கையில். யாருக்கும் தனிச் சொற்களஞ்சியம் தேவைப்படவில்லை. உங்கள் கதையின் முக்கியப் பாத்திரங்களுக்கு இதே பயிற்சியைச் செய்யுங்கள். மறுப்பு, மன்னிப்பு, பொய் மூன்றையும் ஒவ்வொருவரும் எப்படிச் சொல்வார்கள்? கதையில் வராவிட்டாலும் பரவாயில்லை, எழுதிப் பாருங்கள்.

முன்கதையை வாசகருக்குத் தெரிவிக்க உரையாடலைப் பயன்படுத்துவது தவறா?
– வாசகர், தஞ்சாவூர்

பேசும் இருவருக்கும் தெரிந்ததை அவர்கள் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்வதுதான் தவறு. கணினியில் "உனக்குத்தான் தெரியுமே" என்று தேடிப் பாருங்கள், பெரும்பாலான குற்றவாளிகள் சிக்கிவிடுவார்கள். மாதிரிக்கு ஒன்று: "அண்ணே, உனக்குத்தான் தெரியுமே, அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அப்பா சாகறப்போ மூணு ஏக்கர் நிலத்தையும் உன் பேருக்கு எழுதி வச்சாரு."

இதே விஷயம் சண்டையாக வந்தால்:

"ஆள் வந்து நிலத்தைப் பாத்துட்டுப் போனாங்களாமே."
"ஆமா. விக்கப் போறேன்."
"யாரைக் கேட்டே?"
"யாரைக் கேக்கணும்? பத்திரத்துல யார் பேரு இருக்கு?"
"கையெழுத்துப் போடறப்ப அப்பாவுக்கு நினைவு இருந்துச்சா?"

அஞ்சு வருஷமும் மூணு ஏக்கரும் விடுபட்டுவிட்டன. அவை கட்டாயம் வேண்டுமென்றால் கதை சொல்பவர் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகட்டும். முதல் வரியில் "போனாங்களாமே" என்பதில் உள்ள "ஆம்" தம்பி நேரில் பார்க்கவில்லை, யாரோ வந்து சொன்னார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. யார் சொன்னது என்று அண்ணன் யோசிப்பான், வாசகரும் யோசிப்பார். ஓர் எழுத்தில் இவ்வளவு வேலை செய்யும் வசதி நம்மிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் இருப்பது வீண்.

கணவன் மனைவி 'நீ' போடுவதா, 'நீங்க' போடுவதா?
– வாசகி, மதுரை

அது அவர்களுடைய வயது, ஊர், கல்யாணம் நடந்த விதம், பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் பொறுத்தது. தனியே "நீ", மாமியார் முன்னால் "நீங்க" என்று பேசும் மனைவிகள் நிறைய உண்டு. காதலித்து மணந்தவர்களில் பலர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். தீர்மானித்த பிறகு மாற்றாதீர்கள். மாற்றினால் அந்த இடத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும். இருபது வருஷம் "நீங்க" என்றவள் ஒரு நாள் "நீ பேசாதே" என்றால் அதற்குமேல் விளக்கம் கூடாது.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு கருவி "நாம", "நாங்க" வேறுபாடு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வெளியே நிறுத்துகிறோமா என்பது ஒரே எழுத்தில் தெரிந்துவிடும். கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்தும் மருமகளிடம் மாமியார் "எங்க வீட்டுல இப்படித்தான்" என்கிறார். அவர் கெட்டவரும் இல்லை, கோபமாகவும் இல்லை. ஆனால் "நம்ம வீட்டுல" என்று வந்திருக்கலாம், வரவில்லை. மருமகள் முகம் சுருங்கியது என்று எழுத வேண்டியதே இல்லை. அவள் அன்று மாலை தொலைபேசியில் தன் அம்மாவிடம் பேசும்போது எது "நம்ம வீடு" என்று பாருங்கள்.

உறவுமுறைச் சொற்களை ஊரைப் பார்த்துப் போடுங்கள். அண்ணன் மனைவி பொதுவழக்கில் அண்ணி, நெல்லையில் மதினி அல்லது மைனி, கொங்கில் நங்கையா. நெல்லையில் ஆச்சி என்றால் பாட்டி. செட்டிநாட்டில் ஆச்சி என்று அழைக்கப்படுபவர் பாட்டியாக இருக்க வேண்டியதில்லை. இதில் தப்பினால் உள்ளூர் வாசகர் மன்னிக்க மாட்டார்.

ஐடி அலுவலகக் கதை. ஆங்கிலம் கலக்காமல் எழுதினால் பொய்யாக இருக்கிறது.
– வாசகர், கோவை

கலக்கத்தான் வேண்டும். ஆனால் கலப்புக்கும் இலக்கணம் உண்டு. ஆங்கிலச் சொல் வந்து "பண்ணு" என்ற முளையில் கட்டிக்கொள்ளும்: "டெஸ்ட் பண்ணிட்டேன்", "க்ளோஸ் பண்ணிடலாம்". தமிழ் உருபும் ஏற்கும்: "ஆபீஸுக்கு", "மீட்டிங்ல", "டென்ஷனாயிட்டேன்". முழு ஆங்கில வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் நாலைந்து சொல்லுக்கு மேல் கண் தாங்காது. அதை அதட்டல், மன்னிப்பு, காதல் போன்ற இடங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். "மன்னிச்சுடு" என்பதைவிட "ஸாரி" சொல்வது பலருக்குச் சுலபம், ஏனென்றால் அதில் கனம் குறைவு.

ஆங்கிலம் படித்தவர் சொத்து மட்டும் அல்ல. பட்டறையில் "செல்ஃப் எடுக்கல, பேட்டரி வீக்" என்பார்கள். கிராமத்துப் பாட்டிக்கு வந்திருப்பது "சுகர்", நீரிழிவு இல்லை.

பேருந்தில் காது கொடுத்துக் கேட்டு எழுதச் சொல்கிறார்கள். அப்படியே எழுதினால் உயிர் இல்லையே?
– வாசகர், வேலூர்

பேச்சை அப்படியே எழுதினால் உயிர் இருக்காது. வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷப் பேச்சைப் பதிவுசெய்து, ஒரு "ம்" விடாமல் எழுதிப் பாருங்கள். முடியாத வாக்கியங்கள், ஒருவர் மேல் ஒருவர் பேசுவது, "அதான், அதான்" எல்லாம் குவிந்திருக்கும். அவற்றில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுங்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. "எப்ப வந்தே?" என்றால் "பூட்டு ஏன் மாத்தியிருக்கு?" என்று வரும்.

தொலைபேசி உரையாடலில் இரு பக்கமும் எழுத வேண்டுமா?
– வாசகி, சேலம்

ஒரு பக்கம் போதும். மறுமுனையின் மௌனத்துக்குப் புள்ளி வைக்காமல், கை என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

"சொல்லுங்க." அடுப்பை அணைத்தாள். "எந்த ஆஸ்பத்திரி?" பேனா கிடைக்கவில்லை, காலண்டர் தாளைக் கிழித்தாள். "வார்டு நம்பர் சொல்லுங்க."

1940-களில் நடக்கும் கதை. பேச்சு எப்படி இருக்க வேண்டும்?
– வாசகர், புதுக்கோட்டை

இலக்கணத்தைவிடப் பொருள்கள்தான் காட்டிக் கொடுக்கும். 1957 ஏப்ரல் வரை ரூபாய்க்கு 16 அணா, நூறு பைசா கணக்கு அதற்குப் பிறகுதான். உங்கள் பாத்திரம் "ஐம்பது பைசா" என்றால் கதை அங்கேயே விழுந்துவிடும். அவர் சொல்ல வேண்டியது "எட்டணா". கிலோவும் லிட்டரும் கிலோமீட்டரும் கிடையாது. வீசை, பலம், படி, மைல். ஒரு வீசைக்கு 40 பலம். மாநிலத்தின் பெயர் "தமிழ்நாடு" என்று ஆனது 1969-இல். அதற்கு முன்னால் ஓர் அரசாங்க ஊழியர் தன் மாகாணத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் "சென்னை ராஜதானி" அல்லது "மெட்ராஸ்" என்பார். பேச்சு நடையைப் பழையதாக்க "தாங்கள்", "யாது" என்றெல்லாம் போக வேண்டாம். அன்றைக்கும் வீட்டில் "என்ன", "வா", "போ" தான். அவருடைய காலத்தில் இல்லாத சொற்களை நீக்கினாலே போதும்.

கெட்ட வார்த்தையைப் பத்திரிகை போடுமா? புள்ளி வைக்கலாமா?
– வாசகர், சென்னை

சில சிற்றிதழ்கள் போடும், குடும்பப் பத்திரிகைகள் போடாது. அனுப்புமுன் அந்த இதழின் இரண்டு மூன்று இதழ்களைப் புரட்டினால் தெரிந்துவிடும். முதல் எழுத்தும் மூன்று புள்ளியும் மட்டும் வைக்காதீர்கள். வாசகர் கதையை விட்டுவிட்டுச் சொல்லை நிரப்பிக்கொண்டிருப்பார். "அம்மாவை இழுத்துத் திட்டினான்" என்று கதை சொல்பவர் சொல்லிவிட்டு, திட்டு வாங்கியவர் என்ன செய்தார் என்பதற்குப் போய்விடலாம். வசவு ஒரு சாதிப் பெயராக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அது பாத்திரத்தின் வாயில் மட்டும் இருக்கட்டும். கதை சொல்பவரின் வரிகளில், கேலியாகக்கூட, அதன் வாடை இருக்கிறதா என்று அனுப்புமுன் ஒரு முறை தனியாகப் படித்துப் பாருங்கள்.